சிலியாவுக்குள்ள என்னதான் இருக்கு? மண்டபம் டியூஷன் திண்ணையில திரும்பத் திரும்ப வந்த கேள்விகள்

மண்டபத்துல வீட்டுத் திண்ணையில ப்ளஸ் டூ பிள்ளைங்களுக்கு விலங்கியல் டியூஷன் எடுக்குறேன். பாம்பன், தங்கச்சிமடம், வேதாளை, உச்சிப்புளின்னு பல ஊர்லருந்து வருதுங்க. வருசா வருசம் செல் பாடம் வந்ததும் அதே சந்தேகம்தான், பிள்ளைங்க மட்டுமில்ல, கூட்டிட்டுப் போக வர்ற அம்மா அப்பாவும் கேக்குறாங்க. எல்லாருக்கும் சிலியாவைக் குறுக்க வெட்டுனா தெரியுற குழல் அமைப்பு "9+2"ன்னு மனப்பாடமா தெரியும், அந்த ஒன்பது எதால ஆனது ரெண்டு எதால ஆனதுன்னு கேட்டா வாய் திறக்க மாட்டாங்க. சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதியே வச்சுட்டேன். சிலியான்னா செல்லோட மேற்பரப்புல நீட்டிக்கிட்டு அடிக்கிற நுண்ணிய இழை, மூச்சுக்குழாயில சளியைத் தள்ளுறது அதுதான். புஸ்தகத்துல குற்றிழைன்னு இருக்கும், நாம பேசுறப்ப சிலியான்னே சொல்றோம், இங்கயும் அப்படியே.

மிஸ், சிலியான்னா செல்லுக்கு மேல இருக்குற முடி தானே, அப்ப அதுலயும் கெரட்டின் தானே இருக்கும்?

இல்லம்மா. புஸ்தகத்துல "மயிரிழை போன்ற"ன்னு ஒரு வார்த்தை போட்டு வச்சிருக்காங்க, அந்த "போன்ற"வை விட்டுட்டு மீதியப் படிச்சா இந்தக் குழப்பம்தான் வரும். தலைமுடி செத்த செல்லுங்களோட கட்டு, உள்ள கெரட்டின் அடைஞ்சு கிடக்கும், வெட்டுனா வலிக்காது. சிலியா உயிரோட இருக்குற செல்லோட ஒரு பகுதி, செல் சவ்வே நீண்டு போய் உறை மாதிரி மூடியிருக்கும், உள்ள டியூபுலின், டைனீன்னு வேற புரதங்கள்.

அளவும் கேட்டுக்கங்க. நம்ம மூச்சுக்குழாயில இருக்குற சிலியா ஒண்ணு சுமார் 7 மைக்ரோமீட்டர் நீளம், கால் மைக்ரோமீட்டர் தடிமன். ஒரு செல்லுக்கு 200லருந்து 300 இருக்கும், செகண்டுக்கு பத்து தடவைக்கு மேல அடிக்கும். எந்த முடி அப்படி அடிக்குது?

9+2ன்னா மொத்தம் 11 குழல்னு எழுதினேன், தப்புன்னுட்டாங்க. 9ம் 2ம் 11 தானே?

கணக்கு சரி, பொருள் தப்பு. ஓரத்துல இருக்குற 9 ஒவ்வொண்ணும் ஒட்டிப்பிறந்த ரெட்டைக் குழல். நடுவுல இருக்குற 2 தனித்தனி. ஆக எண்ணினா 18ம் 2ம் 20 குழல். இந்த மொத்தக் கூட்டுக்குப் பேரு ஆக்சோனீம்.

ரெட்டையிலயும் ரெண்டும் சமம் இல்ல. ஏ குழல் முழு வட்டம், சுத்திலும் 13 இழை. பி குழல் 10 இழையோட அரைகுறை வட்டமா ஏ மேல சாஞ்சு நிக்கும், ஏற்கனவே இருக்குற சுவத்துல சாய்ப்பு இறக்குற மாதிரி. இந்த ஏ, பி வித்தியாசத்தை மனசுல வச்சுக்கங்க, டைனீன் வர்றப்ப வேணும்.

அந்தக் குழல் எல்லாம் எதால ஆனது?

டியூபுலின். ஆல்ஃபா, பீட்டான்னு ரெண்டு உருண்டை ஜோடி சேர்ந்து ஒரு செங்கல், ஒரு செங்கல்லோட நீளம் 8 நானோமீட்டர். செங்கல் மேல செங்கல்லா அடுக்கினா ஒரு இழை, இழைங்க பக்கம் பக்கமா சுருண்டா குழல். 1968ல ஹிடியோ மோரிங்குற ஜப்பான்காரர்தான் டியூபுலின்னு பேரு வச்சாரு, அவர் எடுத்தது கடல் முள்ளெலியோட விந்தணு வாலுலருந்து. தென்கடல்ல பாரு (பவளப்பாறை) பக்கம் மிதிச்சா கால்ல முள்ளு ஏறுமே, அந்த இனம்தான்.

ஒரு தடவை பசங்களோட உக்காந்து கணக்குப் போட்டோம். ஒரு ரெட்டைக்கு 23 இழை, அது ஒன்பதுக்கு 207, நடு ரெண்டுக்கு 26, மொத்தம் 233. 7 மைக்ரோமீட்டர் நீளத்துக்கு ஒரு இழைக்கு 875 செங்கல். பெருக்கிப் பாத்தா ஒத்தை சிலியாவுக்கு 2 லட்சம் செங்கல் வருது! கண்ணுக்கே தெரியாத ஒண்ணுக்கு 2 லட்சமான்னு தங்கச்சிமடத்துப் பையன் ஒருத்தன் வாயத் திறந்தவன் மூடவே இல்ல.

உள்ள தசை ஏதும் இல்லன்னா எப்படி மிஸ் அசையுது?

தசையும் இல்ல, தசையில இருக்குற மயோசினும் இல்ல. இங்க வேலைக்காரன் டைனீன். இயன் கிப்பன்ஸ்னு ஒரு விஞ்ஞானி டெட்ராஹைமீனாங்குற ஒருசெல் உயிரியோட சிலியாவுலருந்து பிரிச்சு எடுத்து 1965ல அந்தப் பேரு வச்சாரு, விசைக்கு டைன்னு ஒரு அலகு இருக்குல்ல அதுலருந்து வந்த பேரு. ராட்சசப் புரதம் அது, அதோட பெரிய சங்கிலி ஒண்ணுலயே 4,500க்கு மேல அமினோ அமிலம் இருக்கும், நம்ம ஹீமோகுளோபின் சங்கிலியில 140 சொச்சம்தான்னு ஞாபகம் வச்சுப் பாருங்க.

டைனீனோட அடி ஏ குழல்ல ஒட்டியிருக்கும், கை நீண்டு பக்கத்து ரெட்டையோட பி குழலைப் பிடிக்கும். ஒரு ஏ.டி.பி (செல்லோட எரிபொருள்) செலவழிச்சா ஒரு இழுப்பு, விட்டுட்டு மறுபடி பிடி, மறுபடி இழு. கரைவலை இழுக்குறப்ப கயித்தை மாத்தி மாத்திப் பிடிப்பாங்களே அதேதான், ஒரே வித்தியாசம் இங்க இழுக்குறவனும் ஒரு கயித்துலயே கட்டுப்பட்டு நிக்கிறான்.

கையிலயும் ரெண்டு வரிசை. வெளிக்கை 24 நானோமீட்டருக்கு ஒண்ணு, கிட்டத்தட்ட ஒரே ரகம், இதுதான் வேகத்துக்கு. உள்கை பல ரகம், 96 நானோமீட்டருக்கு ஒரு தடவை அதே வரிசை திரும்ப வரும், வளைவோட வடிவத்தை முடிவு பண்றது பெரும்பாலும் இதுங்கதான். வெளிக்கை மட்டும் ஒரு சிலியாவுல கிட்டத்தட்ட 2,500 இருக்கும்.

டைனீன் இழுத்தா ஒரு குழல் இன்னொண்ணு மேல வழுக்கத்தானே செய்யும், வளையறது எங்கிட்டு இருந்து வருது?

எனக்குப் பிடிச்ச கேள்வி இது. ரெண்டு தென்னை ஈர்க்கு எடுத்துக்கங்க. ஒட்டி வச்சு அடியில நூலால இறுக்கிக் கட்டுங்க, நடுவுல மூணு நாலு எடத்துல தளர்வா நூல் சுத்துங்க. இப்ப மேல் நுனியில ஒரு ஈர்க்கை மட்டும் கீழ் பாத்து அழுத்துங்க. அடியில கட்டு இருக்குறதால வழுக்கிப் போக எடமில்ல, ரெண்டும் சேர்ந்து வில்லா வளையும். இப்ப நூலெல்லாம் அறுத்துட்டு அதையே செய்யுங்க, ஒண்ணு சர்ருன்னு வழுக்கிட்டுப் போயிரும், வளைவே வராது.

அந்த நடு நூல்தான் நெக்சின், பக்கத்து பக்கத்து ரெட்டையைக் கோத்து வைக்கிற இணைப்பு. அடிக்கட்டு வந்து செல்லுக்குள்ள இருக்குற அடித்திரள், அங்க மும்மூணு குழலா ஒன்பது கட்டு. ஈர்க்கு நூலை அறுத்த கதைய 1971லயே கிப்பன்ஸும் கீத் சம்மர்ஸும் செஞ்சு பாத்துட்டாங்க. விந்தணு வாலோட ஆக்சோனீமுக்கு ட்ரிப்சின்னு புரதத்தைச் செரிக்கிற நொதியைக் கொஞ்சமா குடுத்து இணைப்பையெல்லாம் செரிக்க விட்டு, அப்புறம் ஏ.டி.பி ஊத்துனாங்க. குழலுங்க வளையாம ஒண்ணை ஒண்ணு தாண்டி வழுக்கி நீண்டு போச்சு. அதுக்கு மூணு வருசம் முன்னாடியே பீட்டர் சாட்டிர் நன்னீர் மட்டியோட செவுள் சிலியாவை வெட்டி நுனியைப் பாத்து, குழலுங்க சுருங்கல, வழுக்குதுன்னு சொல்லியிருந்தாரு.

இன்னொண்ணு. ஒன்பது ரெட்டையிலயும் எல்லா டைனீனும் ஒரே நேரத்துல இழுத்தா என்ன ஆகும்? அங்கிட்டு இழுக்குறதும் இங்கிட்டு இழுக்குறதும் சமமாயி குச்சி மாதிரி நிக்கும். அதனால ஒரு பக்கம் இழுக்குறப்ப எதிர்ப்பக்கம் ஓய்வு, அப்புறம் மாத்து. யார் முறைன்னு தகவல் நடு ரெண்டு குழல்லருந்து ஆரைக்கால் வழியா ஓரத்துக்குப் போகுது. சைக்கிள் சக்கரத்து போக்குக்கம்பி மாதிரி இருக்கும் அந்த ஆரைக்கால், அது ஒண்ணே இருபது சொச்சம் புரதம் சேர்ந்து ஆனது.

எக்ஸாம்ல டியூபுலின், டைனீன், நெக்சின் மூணு எழுதினா போதுமா, இல்ல இன்னும் இருக்கா?

எக்ஸாமுக்குப் போதும். உண்மையில நூத்துக்கணக்குல இருக்கு. கிளாமிடோமோனாஸ்னு ஒரு பச்சைப்பாசி, அதோட கசையிழையை (ஃபிளாஜெல்லா, இதுவும் சிலியா மாதிரிதான்) ஆராய்ஞ்சு 2005ல வந்த பட்டியல்ல 600க்கு மேல புரதம்.

மேல சொன்னது போக எனக்கு முக்கியமா படுறது ரெண்டு கூட்டம். ஒண்ணு குழலுக்கு உள்பக்கமா ஒட்டிக்கிட்டு இருக்குற புரதங்கள், டெக்டின் அதுல ஒண்ணு. குழல் வெறும் ஓட்டைன்னுதான் ரொம்ப நாள் படம் போட்டாங்க, 2019ல குளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில பாத்தப்ப கிளாமிடோமோனாஸ் ரெட்டைக் குழலோட உள்சுவத்துல மட்டும் 33 வகை புரதம் இருந்துச்சு. செகண்டுக்கு பத்து தடவை வளைஞ்சும் குழல் பிளக்காம இருக்கணும்ல, அதுக்குத்தான் உள்ள இந்தக் கட்டுமானம். இன்னொண்ணு அளவுகோல் புரதம், சி.சி.டி.சி.39, 40ன்னு ஜோடி. மேல 96 நானோமீட்டர்னு சொன்னேன்ல, அந்த எடைவெளியைக் கொத்தனார் நூல் பிடிக்கிற மாதிரி அளந்து வைக்கிறது இதுங்கதான். இது இல்லன்னா உள்கை, ஆரைக்கால் எல்லாம் எடம் தெரியாம குழம்பிப்போகும்.

இவ்ளோ புரதத்தையும் சிலியாவே உள்ள செஞ்சுக்குதா?

சிலியாவுக்குள்ள ரைபோசோம் கிடையாது, அதனால ஒரு புரதம்கூட அங்க செய்ய முடியாது. எல்லாம் செல்லுக்குள்ள செஞ்சு அடிவாசல் வழியா ஏத்தி விடணும். சிலியா வளர்றதோ நுனியில. அதாவது கட்டடம் உசர உசர சாமான் இன்னும் தூரம் போகணும்.

பாம்பன் பாலத்துல ரயில் போற மாதிரி நினைச்சுக்கங்க. குழல்தான் தண்டவாளம். மேல போறப்ப இன்ஜின் கைனேசின்-2, திரும்பி வர்றப்ப டைனீன்-2. இந்த டைனீன் வேற, அசைக்கிற கை டைனீன் வேற, பேரை வச்சு ஏமாந்துறாதீங்க. இந்தப் போக்குவரத்தை 1993ல ஜோயல் ரோசன்பாம் ஆய்வுக்கூடத்துல கிளாமிடோமோனாஸ் கசையிழையில உயிரோட ஓடுறதாவே பாத்தாங்க. அந்தப் பாசியோட கசையிழைய உதிர்த்து விட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ள மறுபடி முளைச்சுரும்.

பாக்டீரியாவுக்கும் ஃபிளாஜெல்லா இருக்கே, அதுவும் 9+2வா?

இல்ல. பேரு ஒண்ணு, சரக்கு வேற. பாக்டீரியாவோடது ஃப்ளாஜெல்லின்னு ஒரு புரதம் சுருண்டு ஆனது, டியூபுலின் இல்ல, டைனீன் இல்ல, மேல சவ்வும் பொதுவா இருக்காது. அது வளையாது, அடியில இருக்குற மோட்டார் சுத்த மொத்தமா சுழலும், விசைப்படகு ப்ரொப்பல்லர் மாதிரி, அதுவும் ஏ.டி.பி இல்லாம அயனி ஓட்டத்துல. நம்ம விந்தணுவோட வாலும் சிலியாவும்தான் சொந்தக்காரங்க, ரெண்டுமே 9+2.

எங்க அப்பா இறால் பண்ணை வச்சிருக்காரு, இறால் செவுள்லயும் சிலியா அடிக்குமா?

அடிக்காது. கணுக்காலிங்க மேல்தோல்லயும் செவுள்லயும் அசையுற சிலியாவே கிடையாது. இறால் குஞ்சு நாப்ளியஸ் நிலையில கூட உறுப்புகளை வீசித்தான் நீந்தும், இறாலோட விந்தணுவுக்கு வாலும் இல்ல. உணர்வு நரம்புல மட்டும் அசையாத, உருமாறின சிலியா இருக்கும்.

மட்டி, முத்துச்சிப்பி, ஆளி எல்லாம் நேரெதிர், அதுங்க சாப்பாடே சிலியா தள்ளிக் குடுக்குறதுதான். குருசடைத் தீவுல பாலனோகிளாசஸ்னு புழு மாதிரி இருக்குற கடல் உயிரியைப் பாக்க காலேஜ் பிள்ளைங்க வருமே, அதோட டார்னேரியா லார்வாவும் சிலியா பட்டையாலதான் நீந்துது. கடல் அட்டை குஞ்சும் அப்படித்தான். அதுக்காக யாரும் கடல் அட்டையைத் தூக்கிட்டு வந்து காட்டாதீங்க, 2001லருந்து தடை, ஒருத்தன் பையில போட்டுட்டு வந்து என்னைப் பதற வச்சுட்டான்.

ராத்திரி இல்ல, பகல்லயே வானவில் மாதிரி மினுக்குற சொறி (ஜெல்லிமீன்) ஒண்ணு வலையில வருது, அது மேல ஓடுற கோடு என்ன மிஸ்?

அது கடிக்கிற சொறி இல்ல, சீப்பு ஜெல்லி, தனி இனம். உடம்புல எட்டு வரிசை, ஒவ்வொரு வரிசையிலயும் சீப்பு சீப்பா தகடு, ஒரு தகடுங்கிறது ஆயிரக்கணக்கான சிலியா ஒட்டிச் சேர்ந்தது. வெளிச்சம் அந்த அடுக்குல பட்டுச் சிதறுறதுதான் வானவில், அதுவா விளக்கு போடல. நம்ம மூச்சுக்குழாய் சிலியா 7 மைக்ரோமீட்டர்னு சொன்னேன், இதுல மில்லிமீட்டர் கணக்குல போகும். நடுவுல ரெண்டு குழலோட கூட மூணாவதா ஒரு இழையும் இருக்கும். சிலியாக்களை ஒட்டி வைக்கிறதுக்குன்னே இந்த இனத்துல மட்டும் இருக்குற ஒரு புரதத்தை 2019ல ஜப்பான்ல கண்டுபிடிச்சாங்க, பேரு சி.டி.இ.என்.ஓ.64. அது இல்லாட்டி தகடு ஒரே துடுப்பா சேர்ந்து அடிக்காது.

டீச்சரம்மா, சிலியா புரதம்னு சொல்றீங்க, அப்ப பிள்ளைக்கு முட்டை நிறைய குடுத்தா சளி தள்ளுற சிலியா வளருமா?

முட்டை குடுங்க, நல்லதுதான், ஆனா இதுக்காக இல்ல. முட்டைப் புரதம் வயித்துல அமினோ அமிலமா உடைஞ்சுரும், அதை வச்சு எந்தப் புரதம் கட்டணும்னு செல்லோட ஜீன்தான் முடிவு பண்ணும். சிலியாவைக் காப்பாத்தணும்னா வீட்டுக்குள்ள பீடி சிகரெட் புகையை நிறுத்துங்க, புகைக்கிறவங்க மூச்சுக்குழாயில சிலியா குட்டையாகுறது பாத்து எழுதுன விஷயம். இதை எழுதுறப்ப எங்க வீட்டுக்காரர் பக்கத்துல உக்காந்து கேக்காத மாதிரி இருக்காரு.

எங்க பிள்ளைக்கு எப்பப் பாத்தாலும் மூக்கு ஒழுகுது, இது சிலியா நோயா இருக்குமோ?

பெரும்பாலும் இருக்காது. வாடைக்காத்து அடிச்சா ஊருல பாதிப் பிள்ளைக்கு மூக்கு ஒழுகும். சிலியா புரதக் குறையால வர்ற நோய் அபூர்வம், 10,000லருந்து 20,000 பேருக்கு ஒருத்தர்னுதான் ரொம்ப காலம் கணக்கு. அதோட அடையாளம் வேற மாதிரி. மாசம் நிறைஞ்சு பொறந்தும் பொறந்த உடனே மூச்சுத் திணறல், பால்குடி வயசுலருந்தே சீசன் பாக்காம வருசம் பூரா சளி இருமல், ஓயாத காது அடைப்பு, சிலருக்கு இதயம் வலப்பக்கம். இதெல்லாம் சேர்ந்து இருந்தா நுரையீரல் டாக்டர்கிட்ட போங்க, என்கிட்ட வேணாம்.

ஸ்வீடன்ல பியோர்ன் அஃப்ஸீலியஸ்னு ஒருத்தர் விந்தணு நீந்தாத சில ஆம்பளைங்களோட விந்தணு வாலை வெட்டிப் பாத்தப்ப டைனீன் கையே இல்ல, அவங்களுக்கே சைனஸும் மார்புச்சளியும் இருந்துச்சு, சிலருக்கு இதயம் எதிர்ப்பக்கம். 1933ல கார்ட்டாஜெனர்னு ஒரு டாக்டர் எழுதி வச்ச நோயோட காரணம் 1976ல இப்படித்தான் பிடிபட்டுச்சு. பெரும்பாலும் அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்டருந்தும் பழுதான ஜீன் வந்தாத்தான் நோய் வரும், அதனால நெருங்கின சொந்தத்துல கட்டுற குடும்பங்கள்ல வாய்ப்பு கூடும்.

இதயம் வலப்பக்கம் போறது பாதிப் பேருக்குத்தான்னு படிச்சேன், நடுக்குழல் குறையுள்ளவங்களுக்கு வரவே வராதுங்கிறாங்க, ஏன்?

போன வருசம் நீட் எழுதின பொண்ணு கேட்டது, சரியான கேள்வி. கருவுல இடம் வலம் முடிவாகுற எடத்துல இருக்குற சிலியா 9+0 வகை, நடு ரெண்டு குழல் அதுக்குக் கிடையவே கிடையாது. ஆனாலும் டைனீன் கை இருக்கு, அதனால துடுப்பு மாதிரி அடிக்காம சுழலும், அந்தச் சுழற்சியில தண்ணி இடப்பக்கம் ஓடும், அதை வச்சுத்தான் இதயம் எங்கன்னு முடிவாகுது.

இப்ப யோசிங்க. டைனீன் கை இல்லன்னா அந்தச் சுழற்சி நின்னுரும், இதயம் எங்கிட்டு வேணா போகும், காசு சுண்டுற மாதிரி, அதான் பாதிப் பேரு. நடுக்குழல் புரதமோ ஆரைக்கால் புரதமோ குறைஞ்சா மூச்சுக்குழாய், விந்தணு வால் மாதிரி 9+2 உள்ளதுதான் கெடும், கருவுல அது தேவையே இல்லாததால இதயம் ஒழுங்கா எடத்துல இருக்கும்.

டைனீன் ஜீன்ல தப்பே இல்லையாம், ஆனா டைனீன் கை இல்லையாம். அது எப்படி?

டைனீன் ராட்சசன்னு சொன்னேன்ல, அதைத் துண்டு துண்டா சிலியாவுக்கு அனுப்புறதில்ல. செல்லுக்குள்ளயே கையை முழுசா கோத்து முடிச்சு அப்புறம்தான் ரயில்ல ஏத்தும். கோக்குறதுக்குன்னே தனிப் புரதக் கூட்டம் இருக்கு, டி.என்.ஏ.ஏ.எஃப்னு வரிசையா நம்பர் போட்டிருப்பாங்க, அதெல்லாம் சிலியாவுக்குள்ள போய் உக்காராது. கோக்குறவன் லீவு போட்டா பலகை, ஆணி எல்லாம் இருந்தும் வத்தை கடலுக்கு இறங்காது. இதுல வெளிக்கை உள்கை ரெண்டும் சேர்ந்தே காணாமப் போகும்.

நேர்மாறாவும் நடக்கும். டி.என்.ஏ.எச்.11ங்குற டைனீன் சங்கிலி பழுதானா எலக்ட்ரான் நுண்ணோக்கியில எல்லாம் நார்மலா தெரியும், ஆனா சிலியா அடிக்கிறது விறைப்பா ஒழுங்கில்லாம இருக்கும். அதனாலதான் படம் நார்மல்னு வந்தா மட்டும் நோய் இல்லன்னு முடிவு பண்றதில்ல, ஜீன் பரிசோதனை, மூக்குக் காத்துல நைட்ரிக் ஆக்சைடு அளவு எல்லாம் சேர்த்துப் பாப்பாங்க.

நீங்க காட்டுன மட்டி செவுளு, மட்டியைப் பிளந்து ரெண்டு மணி நேரம் கழிச்சும் ஓடிக்கிட்டே இருந்துச்சே, செத்ததுக்கு அப்புறம் எப்படி மிஸ்?

பாக்காதவங்களுக்காகச் சொல்றேன். வடகடல் கரையில பொறுக்குன மட்டி ஒண்ணைப் பிளந்து, செவுள்ல நகக்கண் அளவு பிச்சு, கடல்தண்ணி ஒரு சொட்டு விட்டு ஸ்லைடுல வச்சோம். 40 லென்ஸ்ல பாத்தா தனித்தனி சிலியா தெளிவா தெரியாது, ஓரம் பூரா கானல் மாதிரி மினுமினுன்னு ஒரு ஓட்டம், நெல்லு வயல்ல காத்து போற மாதிரி அலை அலையா, தண்ணியில கிடந்த தூசியெல்லாம் வரிசையா ஓடுச்சு. கொஞ்ச நேரத்துல அந்தத் துண்டே நகர ஆரம்பிச்சு கண்ணுக்கு முன்னாடியே விலகிப் போச்சு.

மட்டி செத்தாலும் அந்தச் செல்லுங்க உடனே சாகல, ஏ.டி.பி செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும். சொல்லப்போனா செல் உயிரோட இருக்கணும்னுகூட கட்டாயமில்ல. கிப்பன்ஸ் தன் மனைவி பார்பராவோட சேர்ந்து 1972ல கடல் முள்ளெலி விந்தணுவோட சவ்வையே சோப்பு மாதிரி மருந்து போட்டுக் கரைச்சு எடுத்துட்டாரு. மிச்சம் இருந்தது மேல நாம பாத்த புரதக்கூடு மட்டும்தான். அதுக்கு ஏ.டி.பி ஊத்துனதும் வால் மறுபடி அடிச்சு நீந்துச்சு.

எங்க துண்டு அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் அடிச்சுச்சு. நடுவுல கரண்டு போய் நுண்ணோக்கி விளக்கு அணைஞ்சதால வாசல் வெளிச்சத்துல கண்ணாடியைத் திருப்பி வச்சுப் பாத்தோம். அப்புறம் கடல்தண்ணி சொட்டு விட மறந்துட்டேன், காலையில பாத்தா ஸ்லைடுல வெறும் உப்புப் படிகம்தான் இருந்துச்சு.